"செத்த காலேஜ்" உயிரோடு பேசுமா?

எழும்பூர் மியூசியத்தின் கதை: புலி சேர்த்த கூட்டம், பல்லாவரம் கல், பச்சைக் களிம்பு

சென்னைப் பட்டணத்தில் ஒரு காலத்தில் இரண்டு அதிசயமான "காலேஜ்"கள் இருந்தன. பரீட்சை கிடையாது. பட்டம் கிடையாது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர்களும் தாராளமாக உள்ளே போகலாம்.

ஒன்று "உயிர் காலேஜ்". மற்றொன்று "செத்த காலேஜ்".

வெளியூரில் இருந்து பட்டணம் பார்க்க வருகிறவர்கள் இந்த இரண்டையும் பார்க்காமல் ஊர் திரும்ப மாட்டார்கள். மூர் மார்க்கெட் பக்கம் இருந்த மிருகக்காட்சி சாலைதான் உயிர் காலேஜ். எழும்பூர் பாந்தியன் ரோட்டில் உள்ள அரசு மியூசியம்தான் செத்த காலேஜ். அங்கே உயிரோடு திரியும் மிருகம். இங்கே பஞ்சடைத்த மிருகம். ஜனங்கள் வைத்த பெயர் கணக்காகப் பொருந்திவிட்டது.

உயிர் காலேஜ் 1985ஆம் ஆண்டு வண்டலூருக்குக் குடிபோய்விட்டது. செத்த காலேஜ் மட்டும் அதே இடத்தில் இருக்கிறது.

கேலியாக வைத்த பெயர்தான். ஆனால் அதற்குள் ஒரு பெரிய கேள்வி ஒளிந்து கிடக்கிறது. செத்த பொருளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, உயிருள்ள மனுஷனுக்கு விஞ்ஞானம் சொல்லிக் கொடுக்க முடியுமா? இந்தக் கேள்விக்கு எழும்பூர் மியூசியம் 170 ஆண்டுகளுக்கும் மேலாகப் பதில் தேடிக்கொண்டு இருக்கிறது.

"காலேஜ்" என்று பெயர் வந்தது எப்படி?

மியூசியத்தைப் போய் காலேஜ் என்று ஏன் சொன்னார்கள்?

மியூசியம் தொடங்கிய ஆண்டு 1851. அப்போது அது எழும்பூரில் இல்லை. நுங்கம்பாக்கத்தில், புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி நடந்துவந்த கட்டிடத்தில் இருந்தது. வெள்ளைக்கார அதிகாரிகள் தமிழும் தெலுங்கும் படித்த கல்லூரி அது. இன்றைக்கும் அந்தத் தெருவுக்குக் காலேஜ் ரோடு என்றுதான் பெயர். காலேஜில் மியூசியம் இருந்ததால், மியூசியமும் ஜனங்கள் வாயில் காலேஜ் ஆகிவிட்டது என்று சொல்வது உண்டு.

தொடக்கத்தில் அங்கே இருந்தவை வெறும் கல்லும் தாதுப் பொருளும்தான். மெட்ராஸ் இலக்கியச் சங்கம் கொடுத்த 1,100 மாதிரிகள். பொறுப்பாளராக இருந்தவர் எட்வர்ட் பால்ஃபர் என்ற ஸ்காட்லாந்து டாக்டர். 1854ஆம் ஆண்டில் மியூசியம் எழும்பூருக்கு மாறியது. துரைமார்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் நடனம், நாடகம் என்று பொழுது போக்கிய பாந்தியன் மாளிகை, பொதுமக்களின் மியூசியம் ஆயிற்று.

புலி வந்தது, கூட்டம் வந்தது!

கல்லைப் பார்க்க எத்தனை பேர் வருவார்கள்? பால்ஃபர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். மியூசியத்தில் புலி, சிறுத்தை போன்ற மிருகங்களை உயிரோடு வைத்தபோது ஜனக்கூட்டம் திரண்டு வந்தது.

அவர் சும்மா இருக்கவில்லை. கர்நாடக நவாபிடம் பேசி, நவாப் வளர்த்துவந்த மிருகங்களை எல்லாம் மியூசியத்துக்குக் கேட்டு வாங்கிவிட்டார். 1855ஆம் ஆண்டு மியூசிய வளாகத்திலேயே மிருகக்காட்சி சாலை பிறந்தது. விலங்கு, பறவை, ஊர்வன என்று 300க்கும் மேல் சேர்ந்தன.

புலியைப் பார்க்க வந்தவர்கள் அப்படியே கல்லையும் பார்த்தார்கள். எலும்பையும் பார்த்தார்கள். பால்ஃபர் கண்டுபிடித்த சூட்சுமம் இதுதான்: ஜனங்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்றால், முதலில் அவர்களை வரவழைக்க வேண்டும்.

இந்தக் கூட்டுக் குடித்தனம் அதிக நாள் நீடிக்கவில்லை. 1861ஆம் ஆண்டு மிருகங்கள் நகரசபைக்குக் கைமாறின. பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போய்ச் சேர்ந்தன. உயிர் உள்ளது ஒரு பக்கம் போயிற்று. உயிர் இல்லாதது எழும்பூரில் தங்கிவிட்டது.

"பிடித்துக்கொண்டு போய் பஞ்சடைத்துவிடுவார்கள்!"

"செத்த" என்ற சொல்லில் சிரிப்பு மட்டும் அல்ல, பயமும் இருந்தது. அதற்கு ஒரு சம்பவம் போதும்.

எட்கர் தர்ஸ்டன் என்ற வெள்ளைக்காரர் 1885 முதல் 1908 வரை மியூசியத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தார். தென்னாட்டு ஜாதிகள், பழங்குடிகள் பற்றி 7 தொகுதிகள் எழுதியவர். ஊர் ஊராகப் போய் ஜனங்களின் மூக்கையும் மண்டையையும் அளந்து கணக்கு எழுதினார்.

அப்படி வயநாட்டுக்குப் போனபோது, அங்கே இருந்த பணியர் பெண்கள் அவரைக் கண்டதும் ஓட்டம் பிடித்தார்கள். தங்களில் நல்ல உடல்வாகு உள்ளவர்களைப் பிடித்துக்கொண்டு போய், பஞ்சடைத்து மியூசியத்தில் நிறுத்திவிடுவார் என்று பயந்தார்களாம்! தர்ஸ்டனே தமது நூலில் இதை எழுதி வைத்திருக்கிறார்.

இன்றைக்குக் கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அந்தப் பெண்கள் பயந்ததில் நியாயம் இல்லாமல் இல்லை. யாரோ ஒரு துரை வருகிறார். அளக்கிறார், எழுதுகிறார், போகிறார். எதற்கு என்று கேட்டால் பதில் இல்லை. பதில் சொல்லாத விஞ்ஞானத்தைக் கண்டால் யாருக்குத்தான் பயம் வராது?

பல்லாவரத்தில் கிடைத்த கல்

சரி, அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் அப்படி என்னதான் இருக்கிறது?

தாம்பரம் – கடற்கரை மின்சார ரயிலில் தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் பல்லாவரத்தைத் தாண்டிப் போகிறார்கள். அந்தப் பல்லாவரத்தில் 1863ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் தேதி ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நில இயல் ஆராய்ச்சியாளர், சரளைக் கல் தோண்டிய ஒரு பள்ளத்தில் இருந்து ஒரு கல்லை எடுத்தார். கண்டவர்கள் காலால் தள்ளிவிட்டுப் போயிருப்பார்கள். ஃபூட் தள்ளவில்லை. இரண்டு பக்கமும் செதுக்கிக் கூராக்கிய கல் அது. தானாக உடைந்தது அல்ல. மனிதன் கை பட்டது.

இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு முதல் ஆதாரமாக அமைந்தது அந்தப் பல்லாவரம் கல்தான். அதே ஆண்டு செப்டம்பரில் திருவள்ளூர் பக்கம் அத்திரம்பாக்கத்தில் ஃபூட்டும் அவருடன் வேலை பார்த்த வில்லியம் கிங்கும் இன்னும் பல கருவிகளைக் கண்டார்கள். ஃபூட் ஆயுள் முழுவதும் சேர்த்த கற்கருவிகளின் தொகுப்பு 1904ஆம் ஆண்டு எழும்பூர் மியூசியத்துக்கு வந்து சேர்ந்தது.

கதை அதோடு முடியவில்லை. தொல்லியல் ஆய்வாளர் சாந்தி பப்பு குழுவினர் அத்திரம்பாக்கத்தில் மறுபடியும் தோண்டினார்கள். அங்கே கிடைத்த கைக்கோடாரிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுகள் பழமையானவை என்று 2011ஆம் ஆண்டு அறிவித்தார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது.

இரண்டு மெழுகுவர்த்திக் கணக்கு

15 லட்சம் ஆண்டு என்று எப்படிச் சொன்னார்கள்? கல்லில் தேதி அச்சடித்தா இருக்கிறது?

இங்கேதான் விஞ்ஞானம் வருகிறது. ஆகாயத்தில் இருந்து அண்டக் கதிர்கள் எப்போதும் பூமி மேல் பொழிந்துகொண்டு இருக்கின்றன. நிலத்தின் மேல் கிடக்கும் கல்லில் அவை படும்போது, கல்லில் உள்ள குவார்ட்ஸ் என்ற படிகத்துக்குள் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற இரண்டு அணு வகைகள் கொஞ்சம் கொஞ்சமாக உண்டாகின்றன. கல்லை மண் ஆழமாக மூடிவிட்டால் கதிர் படாது. புதிதாக உண்டாவது நின்றுவிடும். ஏற்கனவே உண்டானது மட்டும் தேயத் தொடங்கும்.

இரண்டும் ஒரே வேகத்தில் தேய்வது இல்லை. அலுமினியம்-26 பாதியாகக் குறைய சுமார் 7 லட்சம் ஆண்டு ஆகும். பெரிலியம்-10 பாதியாக அதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு காலம் பிடிக்கும். வேகமாக எரியும் மெழுகுவர்த்தி ஒன்று, மெதுவாக எரியும் மெழுகுவர்த்தி ஒன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் கொளுத்தி வைத்துவிட்டுப் போய்விடுகிறோம். திரும்பி வந்து மிச்சம் இருக்கும் உயரத்தைப் பார்த்தால், எப்போது கொளுத்தினோம் என்று சொல்லிவிடலாம் அல்லவா? கிட்டத்தட்ட அதே கணக்குதான்.

இதைக் கேட்ட பிறகு அந்தக் கல்லைப் பாருங்கள். பார்க்கும் கண்ணே வேறாகிவிடும். கேட்காமல் பார்த்தால்? "கைக்கோடாரி, பழைய கற்காலம்" என்று ஓர் அட்டை. அதன் மேல் ஒரு கல். "ப்பூ! இதுதானா?" என்று அடுத்த அறைக்குப் போய்விடுவோம்.

சாமி சிலைக்கு வைத்தியம்

கல்லுக்கு ஒரு கதை என்றால், செப்புச் சிலைக்கு வேறு கதை.

வீட்டில் பித்தளைப் பாத்திரத்தில் பச்சைக் களிம்பு ஏறினால், புளி போட்டுத் தேய்த்துக் கழுவிவிடுகிறோம். மண்ணுக்குள் நூற்றுக்கணக்கான ஆண்டுகள் புதைந்து கிடந்த செப்புச் சிலையில் களிம்பு ஏறினால் என்ன செய்வது? புளி போட்டுத் தேய்த்தால் சிலையின் மூக்கும் முழியும் போய்விடும். தேய்க்காமல் விட்டாலும் ஆபத்து. மண்ணில் இருந்த உப்பு சிலைக்குள் இறங்கி இருக்கும். ஈரக்காற்று பட்டதும் அது சிலையை அரிக்கும். வெளிர் பச்சைப் பொடியாக உதிரும். உப்பு இருக்கிற வரையில் அரிப்பு நிற்காது. இதற்கு வெண்கல நோய் என்றே பெயர்.

இந்த நோய்க்கு வைத்தியம் பார்க்க 1930ஆம் ஆண்டு எழும்பூர் மியூசியத்தில் ஒரு ரசாயனக் கூடம் தொடங்கப்பட்டது. எஸ். பரமசிவன் என்ற ரசாயன நிபுணர் பொறுப்பேற்றார். சிலையை மருந்து நீரில் வைத்து, அளவாக மின்சாரம் செலுத்தினால், உள்ளே இருக்கும் உப்பு வெளியேறும், களிம்பு இளகும், மறைந்து கிடந்த செதுக்கு வேலை தெரியும். இன்றைக்கு நாம் கைகூப்பி நின்று ரசிக்கும் செப்புத் திருமேனிகளில் பல இப்படி ரசாயனத்தால் பிழைத்தவை.

சிலையைப் பார்க்க உலகம் முழுவதும் இருந்து ஆட்கள் வருகிறார்கள். ஆனால் அந்தச் சிலைக்குப் பின்னால் இருக்கும் பள்ளிக்கூட ரசாயனப் பாடம் எத்தனை பேருக்குத் தெரியும்? பத்தாம் வகுப்புப் பையன் மின்னாற்பகுப்பை மனப்பாடம் செய்து மார்க் வாங்குகிறான். அதே மின்னாற்பகுப்பு ஒரு சாமி சிலையைக் காப்பாற்றிய கதையை அவனுக்கு யாராவது சொன்னால், மனப்பாடம் எதற்கு?

அணுகுண்டு விஞ்ஞானியின் தம்பி

இந்தக் குறை எழும்பூருக்கு மட்டும் உரியது அல்ல. உலகில் எந்த மியூசியத்துக்கும் உள்ள குறைதான். அமெரிக்காவில் ஒருவர் இதற்கு வழி கண்டார்.

அவர் பெயர் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர். அணுகுண்டு தயாரித்த ராபர்ட் ஓப்பன்ஹைமரின் கூடப்பிறந்த தம்பி. இவரும் அந்தத் திட்டத்தில் வேலை பார்த்த விஞ்ஞானிதான். கம்யூனிஸ்டுக் கட்சியில் முன்பு இருந்தார் என்பதற்காக 1949ஆம் ஆண்டு இவருடைய பல்கலைக்கழக வேலை போயிற்று. கொலராடோ மலைப்பகுதிக்குப் போய் மாடு வளர்த்தார். பிறகு அங்கே ஒரு சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான வாத்தியார் ஆனார். குழந்தைகள் கையால் செய்து பார்த்தால்தான் கற்றுக்கொள்கிறார்கள் என்பதை அங்கே கண்டார்.

1969ஆம் ஆண்டு சான்பிரான்சிஸ்கோ நகரில் "எக்ஸ்புளோரட்டோரியம்" என்ற விஞ்ஞானக் காட்சி சாலையைத் திறந்தார். அங்கே "தொடாதே" என்ற பேச்சுக்கே இடம் இல்லை. எல்லாவற்றையும் தொடலாம், திருப்பலாம், இழுக்கலாம்.

அதைவிட முக்கியமான இன்னொன்று உண்டு. காட்சிகளை விளக்கிச் சொல்ல, பள்ளிக்கூடத்தில் படிக்கும் பையன்களையும் பெண்களையும் சம்பளம் கொடுத்து நியமித்தார். பெரிய படிப்பாளிகள் அல்ல; நேற்றுவரை வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைகள்! மாட்டுக் கண்ணை வெட்டி, உள்ளே இருக்கும் வில்லையை எடுத்து, பார்வை எப்படி வருகிறது என்று கூட்டத்துக்கு அவர்கள் காட்டினார்கள். பார்க்க வந்தவர்கள் கற்றது ஒரு பக்கம். சொல்லிக் கொடுத்த பிள்ளைகள் அதைவிட அதிகமாகக் கற்றார்கள். பால்ஃபர் புலியை வைத்துக் கூட்டம் சேர்த்தார். ஓப்பன்ஹைமர் பேசும் மனுஷனை வைத்துக் கூட்டம் சேர்த்தார்.

பஸ் ஏறி வந்த விஞ்ஞானம்

நம் நாடும் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடவில்லை. கல்கத்தாவில் 1959ஆம் ஆண்டு பிர்லா தொழில்நுட்ப மியூசியம் திறக்கப்பட்டது. மியூசியத்துக்கு வர முடியாத கிராமத்து ஜனங்களுக்காக 1965ஆம் ஆண்டு ஒரு பஸ்சில் விஞ்ஞானக் காட்சிகளை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார்கள். ஜனங்கள் மியூசியத்துக்கு வருவது போய், மியூசியமே ஜனங்களைத் தேடிப் போயிற்று!

அதே 1965ல் பெங்களூரில் விசுவேசுவரய்யா மியூசியம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 1978ஆம் ஆண்டு இவற்றை எல்லாம் நிர்வகிக்கத் தேசிய விஞ்ஞான மியூசியக் கவுன்சில் அமைந்தது. 1987ஆம் ஆண்டு திருநெல்வேலிக்கு மாவட்ட அறிவியல் மையம் கிடைத்தது. 1988ஆம் ஆண்டு சென்னை கோட்டூர்புரத்தில் பிர்லா கோளரங்கம் திறக்கப்பட்டது. வீட்டு மொட்டைமாடியில் தெரியாத நட்சத்திரங்களை, சாய்ந்து உட்கார்ந்து தமிழ் விளக்கத்தோடு பார்க்கும் வசதி நம் பிள்ளைகளுக்கு வந்தது.

பொத்தானை அமுக்கினால் போதுமா?

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. கையால் தொட விட்டுவிட்டால் விஞ்ஞானம் தானாக மண்டையில் ஏறிவிடாது.

விடுமுறை நாளில் எந்த விஞ்ஞானக் கூடத்திலும் இதைப் பார்க்கலாம். பையன் ஓடி வருகிறான். பொத்தானை அமுக்குகிறான். விளக்கு எரிகிறது. "ஹை!" என்கிறான். அடுத்த பொத்தானுக்கு ஓடுகிறான். ஏன் எரிந்தது என்று அவனும் கேட்கவில்லை. அவனுக்கு யாரும் சொல்லவும் இல்லை. பத்து பொத்தான் அமுக்கியதும் பசி வந்துவிடும். கல்லைப் பார்த்து "ப்பூ" என்று போனதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

அதே பையன் பக்கத்தில் நின்று, "ஏன்டா தம்பி, இது எப்படி எரியுதுன்னு நினைக்கிற?" என்று ஒருவர் கேட்டால் போதும். அவன் நின்றுவிடுவான். யோசிப்பான். தப்பாகவாவது ஒரு பதில் சொல்வான். அந்த நிமிஷம்தான் மியூசியத்துக்கு உயிர் வருகிற நிமிஷம்.

இதில் ஏழை – பணக்காரர் விஷயமும் இருக்கிறது. வசதி உள்ள வீட்டுப் பிள்ளைக்கு டியூஷன் உண்டு, புத்தகம் உண்டு, கேட்டால் சொல்ல ஆள் உண்டு. அப்பா மூட்டை தூக்குகிறார், அம்மா வீட்டு வேலைக்குப் போகிறார் என்ற குடும்பத்துப் பிள்ளைக்கு, பஸ் சார்ஜில் எட்டிப் பிடிக்கக்கூடிய விஞ்ஞானம் மியூசியம்தான். அங்கேயும் பதில் சொல்ல ஆள் இல்லை என்றால், அந்தப் பிள்ளை வேறு எங்கே போய்க் கேட்கும்? கல்லூரி மாணவ – மாணவிகள் கொஞ்சம் பேருக்குப் பயிற்சி கொடுத்து, கூடத்துக்குக் கூடம் நிறுத்தினால் போதும். சான்பிரான்சிஸ்கோவில் நடந்தது எழும்பூரில் நடக்காதா என்ன?

போகிறவர்களுக்கு ஒரு யோசனை

அதுவரை காத்திருக்க வேண்டியது இல்லை. வீட்டுக்கு வீடு ஒருவர் அந்த வேலையைச் செய்யலாம்.

எழும்பூர் மியூசியத்தில் 6 கட்டிடங்கள், 46 காட்சிக்கூடங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்கிறேன் என்று கிளம்பினால் கால்தான் வலிக்கும். ஒரு தடவைக்கு ஒரு கூடம் போதும். இன்றைக்குக் கற்கருவி, அடுத்த மாதம் திமிங்கல எலும்புக்கூடு, அதற்கு அடுத்து செப்புச் சிலை.

பிள்ளைகளிடம் மூன்றே கேள்வி கேளுங்கள். "இது எங்கே கிடைச்சது?" "இதோட வயசை எப்படிக் கண்டுபிடிச்சாங்க?" "இப்ப நம்ம வீட்டில் இந்த வேலையைச் செய்யுறது எது?" கைக்கோடாரியைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளை அடுக்களையில் அரிவாள்மணையைப் பார்த்து, "அம்மா, இதுவும் அதுதானே?" என்று கேட்டால், டிக்கெட் காசு வசூல் ஆகிவிட்டது என்று அர்த்தம்.

பதில் தெரியவில்லையா? வெட்கப்பட வேண்டாம். "தெரியலையே, கண்டுபிடிப்போமா?" என்று சொல்லுங்கள். பல்லாவரத்துப் பள்ளத்தில் ஃபூட் குனிந்து கல்லை எடுத்தபோது அவருக்கும் எல்லாம் தெரிந்திருக்கவில்லை.

எழும்பூர் ரயில் நிலையத்தில் இருந்து நடந்தே போய்விடலாம். வெள்ளிக்கிழமை மியூசியத்துக்கு விடுமுறை.